தயார் செய்த மந்திரம் ஏன் போகவில்லை: எபிலிட்டி ஸ்கோர் குறைந்தபின் வரிசையாகப் பார்க்க வேண்டியவை

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில், சண்டை நடுவில் ஏதோ ஒன்று விசார்டை (புத்தகத்தில் படித்து மந்திரம் போடும் கேரக்டரை) தொடுகிறது. அவருடைய இன்டெலிஜென்ஸ், அதாவது அறிவைக் குறிக்கும் எபிலிட்டி ஸ்கோர், ஆறு புள்ளி இறங்குகிறது. உடனே மேஜையில் இரண்டு குரல் கேட்கும். ஒருவர் ரப்பரை எடுத்து கேரக்டர் ஷீட்டில் உள்ள மந்திரங்களை அழிக்கப் போவார். இன்னொருவர் "காலையிலேயே தயார் செய்தாகிவிட்டது, அதெல்லாம் போகாது" என்பார். இரண்டு பேர் சொல்வதிலும் பாதிதான் சரி. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 3.5 ஆடுகிற குழுக்களில் இது அடிக்கடி வருகிற சிக்கல். டிஎம் (ஆட்டத்தை நடத்தும் டஞ்சன் மாஸ்டர்) இருக்கையில் இருந்து இதைப் பலமுறை அவிழ்த்ததில், எதை முதலில் பார்த்தால் ஆட்டம் சீக்கிரம் நகரும் என்று எனக்கு ஒரு வரிசை பிடிபட்டது. அதைத்தான் எழுதுகிறேன்.

கணக்கெல்லாம் 2003-இல் வந்த 3.5 விதிகளின்படி. 3.5-இலிருந்து கிளைத்த பாத்ஃபைண்டரின் 2009 முதல் பதிப்பும், டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 ஐந்தாம் பதிப்பும் எங்கே விலகுகின்றனவோ அங்கே சொல்லிவிடுகிறேன்.

எடுத்துக்காட்டுக்கு ஒரே ஆளை வைத்துக்கொள்வோம். 9ஆம் லெவல் விசார்ட். சொந்த இன்டெலிஜென்ஸ் 18, தலையில் +2 ஹெட்பேண்ட் ஆஃப் இன்டலெக்ட், மொத்தம் 20. மாடிஃபையர், அதாவது ஸ்கோரிலிருந்து கிடைக்கும் கூட்டல் எண், +5. முதல் நிலையில் 6, இரண்டில் 5, மூன்றில் 4, நான்கில் 3, ஐந்தில் 2 மந்திரங்கள். இதில் முதல் நிலையில் இரண்டும் மற்ற நான்கு நிலைகளில் ஒவ்வொன்றும் இன்டெலிஜென்ஸ் தந்த போனஸ்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இது

ரப்பரைக் கீழே வையுங்கள். ஷீட்டில் உள்ள ஸ்கோரை அழிக்காமல், பக்கத்தில் எவ்வளவு குறைந்தது, எதனால் குறைந்தது என்று இரண்டையும் எழுதுங்கள். "இன்ட் 20, டேமேஜ் 4, விஷம்" என்று ஒரு வரி இருந்தால் போதும். வெறும் 16 என்று திருத்தி எழுதிவிட்டால், ஒரு மணி நேரம் கழித்து அது திரும்பி வருமா வராதா என்று யாராலும் சொல்ல முடியாது.

அப்புறம் அந்த மந்திரத்தின், விஷத்தின் அல்லது பிராணியின் விவரத்தில் எந்தச் சொல் இருக்கிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

பெனால்ட்டி என்றால் அது குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும். நேரம் முடிந்தால் தானாகப் போய்விடும். டேமேஜ் என்றால் நாளுக்கு ஒரு புள்ளி தானாக ஆறும், முழுநாள் படுக்கையில் ஓய்வெடுத்தால் இரண்டு. டிரெயின் என்றால் தானாக ஆறவே ஆறாது, மந்திரம் வேண்டும். இந்த மூன்றையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதித் தகராறு வருகிறது. பெயரைச் சரியாகப் பிடித்துவிட்டால் மீதி வெறும் கணக்கு.

## அறிகுறி: "இந்த மந்திரத்தைப் போட முடியாது" என்கிறார்கள்

முதலில் கூட்டிப் பாருங்கள். 3.5-இல் ஒரு மந்திரத்தைத் தயார் செய்யவும் போடவும் 10 + மந்திர நிலை அளவுக்கு ஸ்கோர் வேண்டும். ஐந்தாம் நிலைக்கு 15, நான்காம் நிலைக்கு 14, பூஜ்ய நிலைக்கே 10. தயார் செய்யும்போது இருந்தால் போதாது, போடுகிற நொடியிலும் இருக்க வேண்டும். விசார்டுக்கும் கிளெரிக்குக்கும் (விஸ்டம் ஸ்கோரை வைத்து மந்திரம் போடும் பூசாரி) விதி வரியிலேயே "போட" என்ற சொல்லும் இருக்கிறது. காலையிலேயே தயார் செய்தது போகாது என்ற வாதம் இங்கே நிற்காது.

நம் விசார்டுக்கு ஆறு புள்ளி போனால் இன்டெலிஜென்ஸ் 14. நான்காம் நிலை வரை தடையில்லை. ஐந்தாம் நிலையில் தயாராக இருக்கும் இரண்டு மந்திரமும் பூட்டப்பட்டுவிடும். பூட்டப்படும், அழியாது. அந்த வித்தியாசத்துக்குக் கீழே தனியாக வருகிறேன்.

ஸ்லாட் (தயார் செய்த மந்திரத்தை வைக்கும் இடம்) நிலையைப் பார்க்கிறீர்களா, மந்திர நிலையைப் பார்க்கிறீர்களா? மெட்டாமேஜிக் (மந்திரத்தின் விளைவை மாற்றும் திறமை) ஏற்றிய மந்திரங்களில் இது பலருக்குத் தவறிப்போகும். ஸ்கார்ச்சிங் ரே இரண்டாம் நிலை மந்திரம். அதை எம்பவர் செய்தால் நான்காம் நிலை ஸ்லாட்டில் உட்காரும், மாக்ஸிமைஸ் செய்தால் ஐந்தாம் நிலை ஸ்லாட்டில். ஆனால் மந்திரம் இன்னும் இரண்டாம் நிலைதான், அதனால் தேவை 12. இன்டெலிஜென்ஸ் 14-க்கு இறங்கிய நம் விசார்ட் ஐந்தாம் நிலை ஸ்லாட்டில் மாக்ஸிமைஸ் செய்த ஸ்கார்ச்சிங் ரே வைத்திருந்தால், அதைத் தாராளமாகப் போடலாம். அதேபோல், உயர் ஸ்லாட்டில் சாதாரணமாகவே ஒரு கீழ்நிலை மந்திரத்தை வைத்திருந்தாலும் தடையில்லை. ஹைட்டன் மட்டும் விதிவிலக்கு, அது மந்திரத்தின் நிலையையே உயர்த்துகிறது.

இதற்காகவே, பேய்களும் விஷமும் இருக்கும் இடத்துக்குப் போகிறோம் என்று தெரிந்தால் மேல் ஸ்லாட் ஒன்றில் மெட்டாமேஜிக் ஏற்றிய கீழ்நிலை மந்திரத்தை வையுங்கள் என்று என் ஆட்டக்காரர்களிடம் சொல்வேன்.

பெனால்ட்டியா? அடிக்கடி வருவது டச் ஆஃப் இடியசி என்ற மந்திரம். தொட்டால் போதும், சேவிங் த்ரோ (விளைவிலிருந்து தப்பிக்க உருட்டும் பகடை, சுருக்கமாக சேவ்) கிடையாது. இன்டெலிஜென்ஸ், விஸ்டம், கரிஸ்மா மூன்றிலும் 1டி6 (ஆறுமுகப் பகடை ஒன்றை உருட்டி வரும் எண்) பெனால்ட்டி, போட்டவரின் லெவலுக்கு 10 நிமிடம் வீதம் நீடிக்கும். 1-க்குக் கீழே கொண்டுபோகாது. ஸ்கோர் தேவைக்குக் கீழே போனால் சில மந்திரங்களையோ எல்லாவற்றையுமோ போட முடியாமல் ஆகலாம் என்று அதன் விவரத்திலேயே எழுதியிருக்கிறது. 3.5-இல் விவாதத்தை முடிக்க அந்த ஒரு வரி போதும்.

இரண்டு முறை தொட்டால் இரண்டையும் கூட்டிவிடாதீர்கள். ஒரே மந்திரத்தின் பெனால்ட்டி ஒன்றன்மேல் ஒன்று சேராது, பெரியது மட்டும் நிற்கும். டேமேஜும் டிரெயினும் சேரும்.

இதற்குச் செலவில்லாத தீர்வு காத்திருப்பது. அவசரமென்றால் டிஸ்பெல் மேஜிக் அல்லது லெஸ்ஸர் ரெஸ்டோரேஷன். பின்னது ஒரு ஸ்கோரைக் குறைக்கும் மாய விளைவுகளை நீக்கும், ஆனால் போட 3 சுற்று ஆகும். சண்டையில் அது நீண்ட நேரம்.

ஃபாக்ஸஸ் கன்னிங் இருக்கிறதா? இரண்டாம் நிலை மந்திரம், அதற்கு 12 இன்டெலிஜென்ஸ் போதும். நிமிடக் கணக்கில் +4 தரும். ஹெட்பேண்டும் இதுவும் ஒரே வகை போனஸ் என்பதால் ஒன்றோடொன்று சேராது. நம் விசார்டுக்கு ஹெட்பேண்ட் ஏற்கெனவே +2 தருவதால் மேலதிகமாகக் கிடைப்பது 2 மட்டும். 14 என்பது 16 ஆகும், ஐந்தாம் நிலைப் பூட்டு திறக்கும். புது போனஸ் மந்திரம் எதுவும் வராது என்று விதி தெளிவாகச் சொல்கிறது, சேவ் டிசி (எதிரி தப்பிக்க எட்ட வேண்டிய எண்) மட்டும் ஏறும். விஸ்டத்துக்கு இதன் ஜோடி அவுல்ஸ் விஸ்டம்.

வேறு எதுவும் கைகொடுக்காவிட்டால் வாண்ட் (மந்திரம் ஏற்றிய கோல்). வாண்டைப் பயன்படுத்த ஸ்கோர் தேவையில்லை, அந்த மந்திரம் உங்கள் கிளாஸ் பட்டியலில் இருந்தால் போதும். அதன் டிசி குறைந்தபட்ச ஸ்கோரை வைத்துக் கணக்கிடப்பட்டது என்பதால் உங்கள் இன்டெலிஜென்ஸ் இறங்கினாலும் மாறாது. ஃபயர்பால் வாண்ட் என்றால் எப்போதும் 14. ஆனால் ஸ்க்ரோல் (மந்திரச் சுருள்) அப்படியில்லை. அதற்கு 10 + நிலை என்ற அதே தேவை உண்டு. "மந்திரம் பூட்டிவிட்டது, ஸ்க்ரோலில் இருந்து போடுகிறேன்" என்று யாராவது சொன்னால் அங்கே நிறுத்துங்கள்.

### பாத்ஃபைண்டர் ஆடுகிறீர்கள் என்றால்

பதில் தலைகீழ். அங்கே டேமேஜ் ஸ்கோரைக் குறைப்பதில்லை. இரண்டு புள்ளி டேமேஜுக்கு ஒன்று வீதம் ஸ்கில் சோதனைகளிலும் சேவ் டிசியிலும் கழியும், அவ்வளவுதான். ஆறு புள்ளி இன்டெலிஜென்ஸ் டேமேஜ் வாங்கிய விசார்ட் எல்லா மந்திரத்தையும் போடலாம், ஸ்லாட்டும் குறையாது, டிசி மட்டும் 3 இறங்கும். டிரெயின் மட்டுமே ஸ்கோரை உண்மையாகக் குறைத்துப் பூட்டுப் போடும்.

ஒரு இடறல் உண்டு. பெனால்ட்டியும் டேமேஜ் மாதிரிதான் என்று பாத்ஃபைண்டரின் பொதுவிதி சொல்கிறது. ஆனால் டச் ஆஃப் இடியசியின் விவரத்தில் மந்திரம் போட முடியாமல் போகலாம் என்ற பழைய வரி அப்படியே இருக்கிறது. பொதுவிதியைவிட அந்த மந்திரத்தின் சொந்த வரிக்கே நான் மதிப்புக் கொடுப்பேன், அந்த ஒரு மந்திரத்துக்கு மட்டும். உங்கள் டிஎம் வேறு மாதிரி சொன்னால் ஆட்டம் தொடங்கும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

### ஐந்தாம் பதிப்பு என்றால்

இந்த அறிகுறியே இருக்கக்கூடாது. 10 + நிலை என்ற தேவை அங்கே கிடையாது. இன்டெலிஜென்ஸ் குறைந்ததால் மந்திரம் பூட்டிவிட்டது என்று யாராவது சொன்னால், பழைய பதிப்பின் பழக்கம் கையோடு வந்திருக்கிறது என்று அர்த்தம்.

## அறிகுறி: மந்திரம் போகிறது, ஆனால் எதிரிகள் சுலபமாகத் தப்பிக்கிறார்கள்

டிசியைப் புதிதாகக் கணக்கிட்டீர்களா என்று மட்டும் பாருங்கள். 10 + மந்திர நிலை + மாடிஃபையர். 20-இல் இருந்தபோது நான்காம் நிலை மந்திரத்துக்கு 19. இன்டெலிஜென்ஸ் 14 ஆனால் 16. ஒற்றைப்படை புள்ளிகளைக் கவனியுங்கள். 20-இலிருந்து 19 ஆனாலே மாடிஃபையர் ஒன்று குறையும், ஆனால் 19-இலிருந்து 18 ஆனால் எதுவும் மாறாது.

டிசி இறங்கிய நாளில் சேவிங் த்ரோ கேட்காத மந்திரங்களைப் போடுங்கள். ஸ்கார்ச்சிங் ரே, மேஜிக் மிசைல், நண்பர்களுக்கு ஹேஸ்ட். குறைந்த இன்டெலிஜென்ஸ் இவற்றைத் தொடாது.

ஏற்கெனவே போட்டு ஓடிக்கொண்டிருக்கும் மந்திரத்தின் டிசியைப் பின்னால் இறக்க வேண்டாம். போட்ட நேரத்தில் என்ன இருந்ததோ அதுவே நிற்கட்டும். என் மேஜையில் அப்படித்தான், கணக்கும் சுலபம்.

## அறிகுறி: போனஸ் மந்திரங்கள் குறைய வேண்டுமே, எதை விடுவது?

பூட்டு விஷயம் விதியில் தெளிவாக இருக்கிறது. இது அப்படியில்லை, அதனால்தான் இங்கே சண்டை நீளும். இரண்டு பக்கமும் சொல்லிவிட்டு என் தீர்ப்பைச் சொல்கிறேன்.

20-இலிருந்து 14-க்கு இறங்கினால் மாடிஃபையர் +5-இலிருந்து +2. போனஸ் அட்டவணைப்படி முதல் நிலையில் ஒன்று, இரண்டில் ஒன்று மட்டும் மிஞ்சும். அதாவது முதல், மூன்று, நான்கு, ஐந்து ஒவ்வொரு நிலையிலும் ஒரு மந்திரம் குறைய வேண்டும். ஸ்கோர் மாறினால் அதைச் சார்ந்த எல்லாமே மாறும் என்று 3.5-இல் ஒரு பொதுவரி உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு உடனே குறைக்கிற டிஎம்கள் இருக்கிறார்கள். அது தப்பான வாசிப்பு இல்லை.

நான் அப்படிச் செய்வதில்லை. மூன்று காரணம்.

தயார் செய்த மந்திரம், முடிக்கப்படும் வரை அல்லது கைவிடப்படும் வரை மனதில் கிட்டத்தட்டப் போட்டு முடித்த நிலையில் இருக்கும் என்று விதி சொல்கிறது. சில பொருட்களும் பிராணிகளின் சிறப்புத் தாக்குதல்களும் அதைத் துடைத்தெறியலாம் என்றும் சொல்கிறது. ஆனால் எபிலிட்டி டேமேஜ் துடைக்கும் என்று எழுதவில்லை.

இரண்டாவது, உடனே பறிக்க வேண்டும் என்றால் விதி வாய்திறந்து சொல்கிறது. நெகட்டிவ் லெவலை (உயிர்சக்தி உறிஞ்சப்படுவதால் வரும் லெவல் இழப்பை) பாருங்கள். உங்களிடம் இருக்கும் மிக உயர்ந்த நிலை மந்திரத்தில் ஒன்றை, போட்டுவிட்டது போலவே இழக்கிறீர்கள், அந்த நிலையில் ஒன்றுக்கு மேல் இருந்தால் எது என்று நீங்களே தேர்வு செய்யலாம் என்று வரிவரியாக எழுதியிருக்கிறது. எபிலிட்டி இழப்புக்கு அப்படி ஒரு வரி கிடையாது.

மூன்றாவது, நாள் நடுவில் ஃபாக்ஸஸ் கன்னிங் போட்டால் போனஸ் மந்திரம் வராது. ஏறும்போது நடுவில் தராத ஒன்றை இறங்கும்போது மட்டும் நடுவில் பிடுங்குவது நியாயமாகத் தெரியவில்லை.

ஆக என் மேஜையின் தீர்ப்பு: நாள் நடுவில் ஸ்கோர் குறைந்தால் பூட்டும் டிசியும் உடனே மாறும், போனஸ் எண்ணிக்கை அடுத்த முறை தயார் செய்யும்போது மாறும்.

உங்கள் டிஎம் உடனே குறைப்பவர் என்றால் மூன்று விஷயத்தை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். எந்த மந்திரம் என்று தேர்வு செய்வது ஆட்டக்காரர். அந்த நிலையில் ஏற்கெனவே போட்டுத் தீர்த்தவற்றை முதலில் கணக்கில் கழிக்க வேண்டும், கடன் வைத்துப் பின்னால் வசூலிக்கக் கூடாது. ஸ்கோர் அன்றே திரும்பினால், தேர்வு செய்து ஒதுக்கிய மந்திரமும் திரும்ப வேண்டும். ஷீட்டில் அழிக்காமல் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தால் இது எளிது.

இதுதான் டிஎம்மைக் கூப்பிட வேண்டிய இடம். இருவர் தமக்குள் பேசித் தீர்க்கிற விஷயம் அல்ல. ஒரு சுற்றுக்கு மேல் வாதம் போனால் டிஎம் அன்றைக்கு ஒரு முடிவைச் சொல்லட்டும், ஆட்டம் முடிந்தபின் நிரந்தர முடிவை எழுதிவைக்கலாம்.

ஐந்தாம் பதிப்பில் இதன் வடிவம் வேறு. 2014 விதிப்படி விசார்ட் தயார் செய்யும் எண்ணிக்கை லெவல் + இன்டெலிஜென்ஸ் மாடிஃபையர். 9ஆம் லெவலில் 18 இருந்தால் 13. பட்டியலை மாற்றுவது லாங் ரெஸ்ட் (நீண்ட ஓய்வு) முடிவில்தான், அதனால் நடுவில் குறைந்தால் அன்றைய பட்டியலை நான் தொடுவதில்லை. 2024-இல் வந்த திருத்தத்தில் எண்ணிக்கை கிளாஸ் அட்டவணையிலேயே நிலையாக இருக்கிறது, அங்கே இந்தக் கேள்விக்கே இடமில்லை.

## அறிகுறி: ஸ்கோர் திரும்பிவிட்டது, மந்திரமும் திரும்புமா?

திரும்பும். பூட்டியது அழியவில்லை என்று மேலே சொன்னது இதற்காகத்தான். ஐந்தாம் நிலை மந்திரம் தயாராக இருந்தது, இன்டெலிஜென்ஸ் 14 ஆனது, லெஸ்ஸர் ரெஸ்டோரேஷன் விளைவை நீக்கியது, இப்போது மறுபடி 20. அந்த மந்திரத்தை அதே நாளில் போடலாம். மறுபடி புத்தகத்தைத் திறந்து படிக்க வேண்டாம்.

திரும்பாது என்று சொல்ல இரண்டே காரணம் இருக்க முடியும். பூட்டிய மந்திரத்தை ஆட்டக்காரர் தானாகக் கைவிட்டிருக்கலாம், அல்லது மறுநாள் காலை அந்த ஸ்லாட்டில் வேறொன்றைத் தயார் செய்திருக்கலாம். மற்றபடி, ஷீட்டில் ரப்பர் போட்டதால் என்ன இருந்தது என்றே மறந்துபோனதுதான் நடைமுறையில் நடக்கிற இழப்பு. விசார்டின் மந்திரப் புத்தகத்தில் எழுதியவை எந்த நிலையிலும் போவதில்லை.

## அறிகுறி: எந்த ஸ்கோரும் குறைந்ததாகத் தெரியவில்லை, ஆனால் மந்திரம் போய்விட்டது

ஹெட்பேண்டைத் தொட்டுப் பாருங்கள். திருடுபோயிருக்கலாம், அல்லது டிஸ்பெல் மேஜிக் பட்டு 1டி4 சுற்றுக்கு அடங்கியிருக்கலாம். நம் விசார்டுக்கு 20 என்பது 18 ஆகும். பூட்டு எதுவும் விழாது, டிசி ஒன்று குறையும். ஆன்டிமேஜிக் ஃபீல்டுக்குள் இருந்தால் எப்படியும் மந்திரம் வேலை செய்யாது. ஸ்கோரைத் தேட வேண்டாம், வெளியே வாருங்கள்.

நெகட்டிவ் லெவலா? எனர்வேஷன் கதிர் பட்டாலோ வைட் போன்ற அன்டெட் (செத்தும் நடமாடும் பிராணி) அடித்தாலோ மந்திரம் உடனே போகும், ஸ்கோர் அப்படியே இருக்கும். இது நிஜமான இழப்பு. லெஸ்ஸர் ரெஸ்டோரேஷனை வீணாக்காதீர்கள், அது நெகட்டிவ் லெவலைத் தொடாது. ரெஸ்டோரேஷன் வேண்டும். பாத்ஃபைண்டரில் நெகட்டிவ் லெவலால் தயார் செய்த மந்திரம் போகாது.

போடும்போது தவறுகிறதா? அப்படியென்றால் இன்டெலிஜென்ஸை விட்டுவிட்டு கான்ஸ்டிட்யூஷனைப் பாருங்கள். 3.5-இல் கான்சன்ட்ரேஷன் என்பது கான்ஸ்டிட்யூஷனைச் சார்ந்த ஸ்கில். எதிரி பக்கத்தில் இருக்கும்போது தற்காத்துக்கொண்டு போட 15 + மந்திர நிலை வேண்டும். பெரும்பாலான பிராணி விஷம் உடலைத்தான் தாக்கும். நான்கு புள்ளி கான்ஸ்டிட்யூஷன் போனால் சோதனையில் 2 குறையும், தவறினால் மந்திரம் தீர்ந்துவிடும். பாத்ஃபைண்டரில் இந்தச் சோதனை காஸ்டர் லெவலும் (மந்திரம் போடுபவரின் லெவல்) மந்திரத்துக்கான ஸ்கோரின் மாடிஃபையரும் சேர்ந்தது, எண் 15 + இரண்டு மடங்கு மந்திர நிலை.

கதிர் மந்திரங்கள் குறி தவறினால் டெக்ஸ்டெரிட்டி. ஸ்ட்ரெங்த் 0 ஆனால் உடலை அசைக்கவே முடியாது, கைச்சைகை தேவைப்படும் மந்திரம் போகாது.

## அறிகுறி: மறுநாள் காலை கணக்கு இடிக்கிறது

இரவு தூங்கியதில் டேமேஜ் ஒரு புள்ளி ஆறியிருக்க வேண்டும். அதை முதலில் சேர்த்துவிட்டு, அப்புறம் மாடிஃபையர் பார்த்து, அப்புறம் போனஸ் எண்ணுங்கள். வரிசை மாறினால் ஒரு ஸ்லாட் தவறும்.

ஆறவில்லை, இன்னும் குறைந்திருக்கிறது என்றால் காரணம் உடம்புக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. மைண்ட்ஃபயர் நோய் நாளுக்கு 1டி4 இன்டெலிஜென்ஸ் எடுக்கும், கேக்கிள் ஃபீவர் 1டி6 விஸ்டம் எடுக்கும். இரண்டும் மூச்சில் தொற்றும், ஒரு நாள் கழித்துத்தான் வேலையைத் தொடங்கும், அதனால் எந்தச் சண்டையில் வந்தது என்றே ஞாபகம் இருக்காது. அடுத்தடுத்து இரண்டு நாள் சேவ் வென்றால் நோய் விடும். ரிமூவ் டிசீஸ் போட்ட பிறகுதான் ரெஸ்டோரேஷன் போட வேண்டும். ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றக் கூடாது. விஷம் என்றாலும் அப்படியே. முதல் சேவுக்கு ஒரு நிமிடம் கழித்து இரண்டாவது சேவ் உண்டு, அது முடிந்ததா என்று பார்த்துவிட்டுக் குணமாக்குங்கள். ஐட் மாஸ் என்ற விஷம் முதலில் 1டி4 இன்டெலிஜென்ஸ்தான் எடுக்கும், இரண்டாவது அடி 2டி6.

பூட்டிய நிலையின் ஸ்லாட்டுகள் காலியாகக் கிடக்க வேண்டியதில்லை. ஸ்கோர் போதாதவருக்கும் கிளாஸ் தரும் ஸ்லாட் உண்டு, அதில் கீழ்நிலை மந்திரங்களை நிரப்ப வேண்டும் என்றே விதி இருக்கிறது. இன்டெலிஜென்ஸ் 14-உடன் விழித்த நம் விசார்டுக்கு ஐந்தாம் நிலையில் போனஸ் போய் ஒரு ஸ்லாட் மிஞ்சும், அதில் நான்காம் நிலை மந்திரம் ஒன்றை வைக்கலாம். பலர் இந்த ஸ்லாட்டை விட்டுவிடுகிறார்கள்.

## அறிகுறி: குணமாக்க வேண்டிய கிளெரிக்கின் விஸ்டமே போய்விட்டது

இதைத்தான் நான் எல்லாவற்றையும்விட அவசரமாக எடுப்பேன். ஆலிப் என்ற அன்டெட் ஒவ்வொரு தொடுதலுக்கும் 1டி4 விஸ்டம் டிரெயின் செய்யும், லாமியா என்ற பிராணியும் அப்படியே. பேய் தனக்குப் பிடித்த ஸ்கோரைத் தேர்ந்தெடுத்து 1டி4 எடுக்கும். எல்லாமே டிரெயின், தூங்கினால் ஆறாது.

முதலில் கிளெரிக்கால் எது முடியும் என்று பாருங்கள். ரெஸ்டோரேஷன் நான்காம் நிலை, விஸ்டம் 14 இருந்தால் தன்னையே குணமாக்கிக்கொள்ளலாம். 13-க்கு இறங்கும் முன் போட்டுவிடுவது நல்லது. லெஸ்ஸர் ரெஸ்டோரேஷனுக்கு 12 போதும், ஆனால் அது டிரெயினை மீட்காது.

14-க்குக் கீழே போய்விட்டால், டிரெயினாக இல்லாத பட்சத்தில் லெஸ்ஸர் ரெஸ்டோரேஷன் வாண்ட். டிரெயின் என்றால் ரெஸ்டோரேஷன் ஸ்க்ரோலை எடுப்பதற்கு முன் அவுல்ஸ் விஸ்டம் போஷன் ஒன்றைக் குடிக்கச் சொல்லுங்கள். ஸ்க்ரோலுக்கும் 14 தேவை, போஷன் அந்தச் சில நிமிடத்துக்கு ஸ்கோரை மேலே தூக்கும். விஸ்டம் ஏற்றும் பொருள் எதுவும் அணிந்திருக்காவிட்டால் முழு 4 புள்ளியும் கிடைக்கும். போஷன் விலை 300 பொன். குழுவில் ஒன்று எப்போதும் கிளெரிக்கிடம் இல்லாமல் வேறொருவர் பையில் இருக்கட்டும்.

அதற்கும் எட்டவில்லை என்றால் ஊருக்குத் திரும்பி கோயில் குருவைத் தேட வேண்டியதுதான்.

## வெளியாள் குணமாக்கினால் என்ன செலவு

காஸ்டர் லெவல் × மந்திர நிலை × 10 பொன், விலையுள்ள பொருள் வேண்டுமென்றால் அது தனி. லெஸ்ஸர் ரெஸ்டோரேஷன் 60 பொன், 1டி4 டேமேஜ் ஆறும். ரிமூவ் டிசீஸும் ரிமூவ் கர்ஸும் 150. ரெஸ்டோரேஷனுக்கு வைரத்தூள் 100 சேர்த்து 380. அது டேமேஜ் முழுவதையும், ஒரு ஸ்கோரின் டிரெயின் முழுவதையும் மீட்கும். இரண்டு ஸ்கோரில் டிரெயின் இருந்தால் இரண்டு முறை.

பணத்தை எடுத்து நீட்டும் முன் பெஸ்டோ கர்ஸ் என்ற சாப மந்திரமா என்று ஒருமுறை கேளுங்கள். அது ஒரு ஸ்கோரில் 6 குறைக்கும், நிரந்தரம், டிஸ்பெல் ஆகாது. ரெஸ்டோரேஷனுக்கு 380 கொடுத்து ஒன்றும் நடக்காமல், பிறகு 150 கொடுத்து ரிமூவ் கர்ஸ் வாங்க நேரும்.

டேமேஜ் மட்டும்தான், கையில் நாட்கள் இருக்கின்றன என்றால் எதையும் வாங்காதீர்கள். எட்டுப் புள்ளி டேமேஜ் நான்கு நாள் முழு ஓய்வில் ஆறிவிடும்.

## அறிகுறி: ஒரு மந்திரமும் போகவில்லை, ஆள் பேசவும் இல்லை

ஸ்கோர் 0 ஆகிவிட்டதா, ஃபீபிள்மைண்ட் மந்திரமா என்று பிரித்துப் பாருங்கள். இன்டெலிஜென்ஸ் 0 என்றால் நினைவிழந்து கிடப்பார், விஸ்டம் 0 என்றால் கெட்ட கனவுகளோடு எழுப்ப முடியாத தூக்கம், கரிஸ்மா 0 என்றால் அசைவற்ற மயக்கம். டேமேஜால் வந்தது என்றால் ஒரு நாளில் 1 ஆகிக் கண் விழிப்பார், ஆனால் 10 வரும்வரை பூஜ்ய நிலை மந்திரமும் கிடையாது. டிரெயினால் வந்தது என்றால் தானாக விழிக்க மாட்டார்.

கண் திறந்திருக்கிறது, நண்பர்களை அடையாளம் தெரிகிறது, மொழி மட்டும் புரியவில்லை என்றால் ஃபீபிள்மைண்ட். இன்டெலிஜென்ஸும் கரிஸ்மாவும் 1. ஆர்கேன் மந்திரக்காரர்களுக்கு இதன் சேவில் 4 குறைவு, அதனால் விசார்டுகள்தான் அதிகம் விழுவார்கள். இங்கே லெஸ்ஸர் ரெஸ்டோரேஷன், ஓய்வு, காத்திருப்பு எதற்கும் பலனில்லை. 3.5-இல் ஹீல், லிமிட்டட் விஷ், மிராக்கிள், விஷ் இவற்றில் ஒன்றுதான் தீர்க்கும். விலை குறைந்தது ஹீல், 11ஆம் லெவல் கிளெரிக் 660 பொன்னுக்குப் போடுவார். ஸ்க்ரோலாக வாங்கினால் 1,650. ஹீல் எபிலிட்டி டேமேஜையும் சேர்த்து ஆற்றும், டிரெயினை மட்டும் மீட்காது. ஐந்தாம் பதிப்பில் 30 நாளுக்கு ஒருமுறை மறு சேவ் உண்டு, கிரேட்டர் ரெஸ்டோரேஷனும் தீர்க்கும். அங்கே இன்டலெக்ட் டிவவரர் என்ற பிராணி இன்டெலிஜென்ஸை 0 ஆக்கினாலும் கிரேட்டர் ரெஸ்டோரேஷன்தான் மருந்து.

ஹீல் போடக்கூடியவர் அந்த ஊரில் இருக்கிறாரா என்பதை டிஎம்மிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். சிறிய ஊர்களில் 11ஆம் லெவல் கிளெரிக் கிடைக்காமல் போகலாம். பயணம் நீளும் என்றால் அந்த ஆட்டக்காரருக்கு இடையில் ஆட வேறொரு கேரக்டரைக் கொடுங்கள். விசார்டின் ஷீட்டைத் தயார் செய்த மந்திரங்களோடு அப்படியே எடுத்து வையுங்கள்.